அழுத்தினாலும் மறையாத புள்ளிகள்

போன வாரம் நம் பள்ளிக்கூடத் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி ஒரு படம் போட்டாள். அவள் பேரனின் கால். கணுக்காலைச் சுற்றிச் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். "என்னாடி இது, யாருக்காச்சும் தெரியுமா?" என்று கீழே ஒரு வரி. அவ்வளவுதான், அறுபதைத் தாண்டிய நாம் அத்தனை பேரும் டாக்டராகிவிட்டோம். ஒருத்தி வேப்பிலை அரைக்கச் சொன்னாள். ஒருத்தி மூட்டைப்பூச்சி என்றாள். ஒருத்தி கத்தரிக்காயை நிறுத்து என்றாள். நான் மட்டும், "கண்ணாடி டம்ளர வச்சு அழுத்திப் பாரு, மறையுதா?" என்று கேட்டேன். மறையவில்லை என்றாள். "அப்ப இன்னைக்கே புள்ளைங்க டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ, மூத்திரத்தையும் பாக்கச் சொல்லு" என்றேன். உடனே எல்லாரும் என் மேல் பாய்ந்தீர்கள். உனக்கு எப்படித் தெரியும், நீ என்ன டாக்டருக்கா படித்தாய்? படிக்கவில்லையம்மா, பட்டேன். எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். நீளமாகப் போனால் என்னைத் திட்டாதீர்கள்.

உங்களை எல்லாம் நான் கடலூர்ப் பள்ளியில் பார்ப்பதற்கு முந்திய கதை இது. அப்போது எனக்குப் பத்து வயது. காடாம்புலியூரில் இருந்தோம். அப்பா ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தர். வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கை. அந்த அத்தையைக் கட்டிய மனிதர் கல்யாணமான இரண்டாம் வருஷமே எங்கோ போய்விட்டார். அத்தை அண்ணன் வீட்டுக்கு வந்து, ஊரோரத்தில் இருந்த முந்திரிக் கொட்டாயில் கொட்டை உடைக்கும் வேலைக்குப் போனாள். சொந்தக் காலில் நிற்கிற பொம்பளை என்கிற பெருமை அவள் நடையிலேயே தெரியும்.

மாசி கடைசியில் முந்திரி சீசன் தொடங்கினால் ஊரே ஒரு வாசனைக்கு மாறிவிடும். பழுத்த பழத்தின் இனிப்பு ஒரு பக்கம், கொட்டை வறுக்கிற புகையின் காரம் ஒரு பக்கம். அந்தப் புகையில் கண் எரியும், ஆனாலும் மூச்சை இழுத்து இழுத்து மோந்து பார்க்கத் தோன்றும். முந்திரிக் கொட்டையின் ஓட்டுக்குள் ஒரு பால் இருக்கிறது, தெரியுமா? தோலில் பட்டால் வெந்து, கறுத்து, உரிந்துவிடும். அத்தையும் மற்றப் பெண்களும் கையில் விளக்கெண்ணெயும் சாம்பலும் பூசிக்கொண்டுதான் உடைக்க உட்காருவார்கள். அப்படியும் அவள் விரல் நுனியெல்லாம் கறுத்துத்தான் இருக்கும். அதனால் எங்கள் ஊரில் யாருக்குத் தோலில் எது வந்தாலும் முதலில் வாயில் வருகிற கேள்வி ஒன்றுதான்: "கொட்டை உடைச்சியா?" அம்மை போட்டிருந்தால்கூட இதைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்ததைப் பார்ப்பார்கள்.

ஒரு நாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பக் கால் கழுவும்போது பார்த்தேன். இரண்டு கணுக்காலிலும் சிவப்புப் புள்ளிகள். அரிக்கவில்லை, வலிக்கவில்லை. தடவினால் விரலுக்குக் கொஞ்சம் மேடாகத் தட்டியது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே எதையும் நோண்டிப் பார்க்கிற புத்தி, உங்களுக்குத்தான் தெரியுமே. பெருவிரலால் ஒரு புள்ளியை அழுத்தி எடுத்தேன். கொசுக்கடியை அழுத்தினால் வெளுத்துப் போய் மறுபடி மெல்லச் சிவக்கும் இல்லையா? இது வெளுக்கவே இல்லை. பக்கத்துத் தோல்தான் வெளுத்தது. அட, இது என்ன புதுசு என்று எனக்கு ஒரே சந்தோஷம். பயமெல்லாம் கிடையாது.

அப்பாவிடம் ஒரு காப்பியிங் பென்சில் இருந்தது. நாக்கில் நனைத்து எழுதினால் ஊதா நிறத்தில் அழியாமல் விழும். இப்போது அதை எங்கே போய்த் தேடுவது! அதை எடுத்து ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி வட்டம் போட்டேன். மறுநாள் பார்த்தால் வட்டத்துக்கு வெளியே புதுப் புள்ளிகள். முதல் நாள் புள்ளிகளோ நாவல்பழ நிறத்துக்கு மாறியிருந்தன. புதுசுகளுக்கு இரட்டை வட்டம் போட்டேன். நாக்கு பூராவும் ஊதா. இன்னொன்றும் அன்றைக்கே குளிக்கும்போது தெரிந்துவிட்டது. உட்காருகிற இடத்திலும் அதே புள்ளிகள், காலில் இருப்பதைவிட ஜாஸ்தியாக.

அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வருஷம்தான் அம்மா, "பாவாடைய இழுத்து உட்டு ஒக்காரு, பொம்பளப் புள்ளையா நீ?" என்று நாளுக்குப் பத்துத் தடவை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த இடத்தைப் பற்றி வாயால் சொல்வதே தப்பு என்று நான் நினைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அம்மா என் காலைப் பார்த்துவிட்டாள்.

"ஐயையோ, என்னாடி இது காலு! கொட்டாய்க்குப் போனியா?"

போயிருந்தேன். ஆனால் எட்ட உட்கார்ந்து வேடிக்கை பார்த்ததோடு சரி. "போனேன்" என்று மட்டும் சொன்னேன்.

அம்மா அடுப்படியில் இருந்த அத்தையைக் கூப்பிட்டு என் காலைக் காட்டினாள்.

"பாரு, நல்லாப் பாரு. பொட்டப் புள்ள காலு. நாளைக்கு இது தழும்பாப் போச்சுன்னா எவன் கட்டுவான்?"

"அண்ணி, நான் அவள கொட்டையத் தொடவே உடல. சத்தியமா. பால் பட்டா கொப்புளம் கெளம்பும் அண்ணி, இது வேற மாதிரி இருக்குது."

"ஆமா, நீதான் பெரிய டாக்டரு."

அத்தை சொன்னதுதான் சரி. தினமும் அந்தப் பாலில் புழங்கியவள் அவள். அது பட்டால் எப்படி இருக்கும் என்று அந்த வீட்டில் அவளைவிடத் தெரிந்தவர் யார்? ஆனால் கொட்டாய்க்கு வேலைக்குப் போகிறவள் சொல்வதை யார் கேட்பது? அப்பா செய்தித்தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். தங்கைக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. நான் போட்டிருந்த வட்டங்களைப் பார்த்து அம்மா, "இதுல கிறுக்கல் வேற" என்று முதுகில் ஒன்று வைத்தாள். தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்து முழங்கால் வரைக்கும் அப்பினாள். அதற்குப் பிறகு புள்ளி எது, வட்டம் எது என்று எனக்கே தெரியவில்லை. அதுதான் எனக்கு அப்போது பெரிய துக்கம்.

இரண்டு நாளில் அத்தையை சேத்தியாத்தோப்புக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே அவளுக்கு ஒரு சின்னம்மா. அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்க, துணி துவைக்க, மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆள் வேண்டும். சோறு போடுவார்கள், வேறென்ன? துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அத்தை என் பக்கம் குனிந்து, "கண்ணு, வேற எங்கனாச்சும் இருக்குதா?" என்று ரகசியமாகக் கேட்டாள். அப்பா அம்மா இருவரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

தோழிகளே, ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தத் தலையாட்டல் இன்னும் எனக்குக் கழுத்தில் வலிக்கிறது.

அடுத்து முட்டி வீங்கியது. மரத்திலிருந்து குதித்திருப்பாள் என்றார்கள். அடுத்து வயிறு. அப்படி ஒரு வலியை அதற்குப் பிறகு பிரசவத்தில்தான் பார்த்தேன். முறுக்கும், விடும், முறுக்கும். முந்திரிப் பழத்தைத் தின்று தொலைத்திருப்பாள் என்றார்கள். வாந்தி நிற்கவில்லை என்றதும் அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மாவோடு கடலூருக்குப் பஸ் ஏறினார். அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெரிய டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்து, "குடல்வால்தான். காலையில ஆபரேஷன் பண்ணிடலாம்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வயிற்றைக் காட்டினோம், வயிற்றைப் பார்த்தார். காலில்தான் மஞ்சள் அப்பியிருந்ததே. அதைப் பற்றி அவர் கேட்டதற்கு அம்மா, "அது முந்திரிப்பால் பட்டது சார்" என்று சொல்லிவிட்டாள். இந்தப் பக்கத்து டாக்டர்தானே அவரும், தலையாட்டிவிட்டார்.

கடலூர் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த மாமா, அம்மாவின் அண்ணன், செய்தி கேட்டு சைக்கிளில் வந்து இறங்கினார். வந்ததும் வராததுமாக அப்பாவிடம் சத்தம் போட்டார்.

"மச்சான், கத்தி வக்கறதுன்னா சும்மாவா? சிதம்பரத்துல ஒரு டாக்டரம்மா இருக்காங்க, புள்ளைங்களுக்கு மட்டும் பாக்கறவுங்க. எம் பையனுக்கு மூணு மாசமா உடாத காய்ச்சல என்னான்னு கண்டுபுடிச்சவுங்க. ஒரு தடவ காட்டிடுவோம். அவுங்களும் அறுக்கணும்னா அறுத்துக்கலாம்."

பெரிய டாக்டர் கோபப்படவில்லை. "போறதுன்னா இப்பவே போங்க, தாமசம் பண்ணாதீங்க" என்றார். மத்தியான பாசஞ்சர் ரயிலில் அம்மா மடியில் படுத்துக்கொண்டு போனேன். பரங்கிப்பேட்டை தாண்டும்போது கருவாட்டு வாசனை ஜன்னல் வழியாக வந்தது. வயிற்றுவலிக்கு நடுவிலும் இந்த மீனுக்கெல்லாம் உப்பு எங்கிருந்து வரும் என்று அம்மாவைக் கேட்டேனாம். அம்மா அழுதுகொண்டே சிரித்ததாக மாமா பிற்பாடு சொல்லிக் காட்டுவார்.

சிதம்பரத்து டாக்டரம்மா ஒல்லியாக, நரை தட்டி, மூக்குக்கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முதல் வேலையாக, "இந்த மஞ்சள மொதல்ல கழுவுங்க" என்றார். நர்சம்மா வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்தாள். மஞ்சள் போனதும் என் ஊதா வட்டங்கள் மங்கலாகத் தெரிந்தன. இன்னொரு அடி விழப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

"யாரு போட்டது இது?"

"நாந்தான்."

"எதுக்கு?"

"நகருதான்னு பாக்க."

"நகந்துச்சா?"

"இல்ல. பழசு அங்கயே இருந்துச்சு. புதுசு புதுசா வேற எடத்துல வந்துச்சு. அதுக்கு ரெட்ட வட்டம். பழசு மொதல்ல செவப்பு, அப்பறம் நாவப்பழம், இப்ப பாருங்க, காப்பித்தூள் மாதிரி."

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் காலருகில் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு வட்டமாகப் பார்த்தார். பிறகு மேஜையிலிருந்து மெல்லிய கண்ணாடித் தகடு ஒன்றை எடுத்து ஒரு புள்ளியின் மேல் வைத்து அழுத்தினார்.

"அது மறையாது" என்றேன் நான்.

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் கட்ட வெரலால அழுத்திப் பாத்துட்டேன்."

அவர் சிரித்தார். "வா, நீயே பாரு." கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சுற்றிலும் தோல் வெள்ளையாக, நடுவில் புள்ளி மட்டும் கெட்டியாக நின்றது. எத்தனை அழகாக இருந்தது! "ரத்தம் கொழாய்க்குள்ள இருந்தா அழுத்துனா ஓடிடும். இது கொழாய உட்டு வெளிய வந்து தோலுக்கடியில நிக்குது. எங்க ஓடும்?" என்றார். அந்த ஒரு நிமிஷத்துக்காக எனக்கு இன்னும் நாலு புள்ளி வந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

பிறகு அவர் அப்பாவையும் மாமாவையும் வெளியே போகச் சொன்னார். கதவைச் சாத்திவிட்டு என் காதருகில் வந்தார்.

"ஒக்கார்ற எடத்துல இருக்குதா, பாப்பா?"

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அம்மாவைப் பார்த்தேன். அம்மா, "அங்கெல்லாம் ஒண்ணும் இல்லீங்கம்மா" என்றாள். டாக்டரம்மா அம்மா பக்கம் திரும்பவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நான் ஆமாம் என்று மெதுவாகத் தலையாட்டினேன். திரும்பிப் படுத்தேன்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டதைச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டேன்.

"எப்பலேருந்து இருக்குது?"

"மொதல்லேருந்தே. கால்ல வந்த மறுநாளே பாத்தேன்."

"நீங்க முந்திரிப்பாலுன்னு சொன்னீங்களேம்மா," என்றார் டாக்டரம்மா, "இங்க எப்பிடிப் பட்டிருக்கும்? கொட்டை மேலயா ஒக்காந்துகிட்டு இருந்தா ஒங்க பொண்ணு?"

அம்மா என்னிடமும் இல்லாமல் டாக்டரிடமும் இல்லாமல் சுவரைப் பார்த்து, "அந்தப் பொண்ண அனுப்பிட்டேனே" என்றாள்.

அப்பாவையும் மாமாவையும் உள்ளே கூப்பிட்டு டாக்டரம்மா விளக்கிச் சொன்னார். இரண்டு மூன்று வாரத்துக்கு முன்னால் தொண்டை வலி, காய்ச்சல் எதுவும் வந்ததா என்று கேட்டார். வந்திருந்தது, மிளகுப்பால் குடித்து மறந்தும் போயிருந்தோம். "அதுக்கப்பறம் சில புள்ளைங்களுக்கு இப்பிடி ஆவும். ஒடம்பு கிருமியோட போட வேண்டிய சண்டைய தன்னோட சின்னச் சின்ன ரத்தக் கொழாய்ங்க மேலயே போட்டுடும். கொழாய் வீங்கிக் கசியும். தோல்ல புள்ளி, முட்டியில வீக்கம், வயித்துல வலி, எல்லாம் ஒண்ணுதான். வயித்த நான் ரெண்டு நாள் இங்கயே வச்சுப் பாத்துக்கறேன். இப்பத்திக்குக் கத்தி வேணாம்."

ஆனால் அதோடு விடவில்லை. என் மூத்திரத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் மேல்பாகத்தை மட்டும் காட்டிச் சுட வைத்தார். எல்லாருக்கும் முன்னால் இப்படியா என்று வெட்கமாக இருந்தாலும் எட்டி எட்டிப் பார்த்தேன். கொதித்ததும் மேலே லேசாகக் கலங்கியது, வடித்த கஞ்சித் தெளிவு மாதிரி. ஏதோ இரண்டு சொட்டு விட்டார். கலங்கல் போகவில்லை. "சிறுநீரகத்தையும் கொஞ்சம் தொட்டிருக்குது. பெரும்பாலும் தானா சரியாயிடும். ஆனா ஆறு மாசம் உடாம வந்து காட்டணும். உட்டுட்டு அப்பறம் வந்து அழக் கூடாது" என்றார்.

வயிற்றுவலி நாலாம் நாள் அடங்கியது. அப்பா வேலைக்காக முன்னமே ஊர் திரும்பிவிட்டார். நானும் அம்மாவும் புவனகிரி, எங்கள் ஊர் வழியாகப் பண்ணுருட்டி போகிற பஸ்ஸில் ஏறினோம். வழியில் சேத்தியாத்தோப்பில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

அத்தை குழாயடியில் பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து, என் காலைத்தான் முதலில் பார்த்தாள்.

"அது முந்திரி இல்லியாம்" என்றாள் அம்மா.

"நாந்தான் சொன்னனே அண்ணி."

அம்மா குனிந்து குழாயடியில் கிடந்த ஒரு பாத்திரத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். நான்தான் வாயைத் திறந்தேன். "அத்தே, ஒக்கார்ற எடத்துலயும் இருந்துச்சு. நீ கேட்டப்பவே இருந்துச்சு. வெக்கமா இருந்துச்சுன்னு சொல்லல." சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன். அத்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"கெளம்பு, வூட்டுக்குப் போவலாம்" என்றாள் அம்மா.

"வரல அண்ணி. இன்னைக்கு முந்திரி இல்லன்னு ஆச்சு. நாளைக்கு இவளுக்கு இருமல் வந்தா அதுக்கும் நாந்தான். அண்ணனும் பேப்பர மடிச்சுகிட்டு ஒக்காந்திருக்கும்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "மறுபடி எப்ப டாக்டர்கிட்ட போவணும்?"

அம்மா நாளைச் சொன்னாள். அந்த நாளில் எங்கள் பஸ் சேத்தியாத்தோப்பில் நின்றபோது அத்தை ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதிலிருந்து ஒவ்வொரு முறையும் அப்படித்தான். சிதம்பரம் வரைக்கும் எங்களோடு வருவாள், கண்ணாடிக் குழாய் சுடும்போது என்னைவிட ஆவலாக எட்டிப் பார்ப்பாள், திரும்பும்போது சேத்தியாத்தோப்பில் இறங்கிவிடுவாள். அம்மாவும் அவளும் என் தலைக்கு மேல் பேசிக்கொள்வது முதலில் இரண்டு வார்த்தை, பிறகு நாலு வார்த்தை என்று வளர்ந்தது. வீட்டுக்கு வா என்று அம்மா மறுபடி கேட்கவில்லை. எனக்கு ஆத்திரமாக வரும். இப்போது நினைத்தால், மறுபடி கூப்பிட்டு, மறுபடியும் வரல என்ற பதிலைக் கேட்கிற தைரியம் அம்மாவுக்கு இருந்திருக்காது.

புரட்டாசியில் கலங்கல் சுத்தமாகப் போய்விட்டது. குழாயைக் கொதிக்கக் கொதிக்க ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார் டாக்டரம்மா. கிணற்றுத் தண்ணீர் போலத் தெளிவு. "பொழச்ச போ. இனிமே நீ இங்க வர வேணாம்" என்றார். அத்தை கையெடுத்துக் கும்பிட்டாள். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று டாக்டரம்மா நினைத்துக்கொண்டார். இனி அத்தையைப் பார்க்க எனக்கு ஒரு நோவும் இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

திரும்பும் பஸ்ஸில் நான் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தேன். "சேத்தியாத்தோப்பு எறங்கு" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். அத்தை என் கன்னத்தைத் தட்டிவிட்டு எழுந்தாள். அம்மா உட்கார்ந்த வாக்கிலேயே அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"எறங்காத. ஒனக்கும் காடாம்புலியூருக்குத்தான் டிக்கெட் வாங்கியிருக்கேன்."

அத்தை நின்றாள். பின்னால் கூடைக்காரி ஒருத்தி, "எறங்கறதுன்னா எறங்கு, இல்லன்னா வழிய உடு" என்று கத்தினாள்.

"நான் கொட்டாய்க்கு வேலைக்குப் போவேன் அண்ணி."

"போ."

"இவளும் வருவா. பக்கத்துலயே ஒக்காந்து வேடிக்கை பாப்பா."

அம்மா என் காலைப் பார்த்தாள். கொட்டை உடைக்கிற இடத்துக்கு என்னை அனுப்புவது என்றால் அவளுக்கு இன்னும் பயம்தான், அது முகத்தில் தெரிந்தது. முந்தானையை மட்டும் விடவில்லை.

"வரட்டும்" என்றாள்.

அத்தை உட்கார்ந்தாள்.